காப்பி நொதிக்க வைக்க எந்தக் கலம்? ஏற்காட்டுச் சிறு தோட்டக்காரர்களுக்கான ஓர் ஒப்பீடு

சேர்வராயன் மலையில் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று காப்பி வைத்திருப்பவர்களில் பலர் பழத்தைப் பறித்துக் களத்தில் உலர்த்திச் செர்ரியாகவே விற்றுவந்தவர்கள். அவர்களிடம் இப்போது தரக் காப்பி வாங்குவோர் வேறொன்றைக் கேட்கிறார்கள். பழத்தை மூடிய கலத்தில் நொதிக்க வைத்து உலர்த்தித் தர முடியுமா, அல்லது பல்பரில் தோல் நீக்கி முறையாகப் புளிக்க வைத்துக் கழுவிய பார்ச்மென்ட்டாக, அதாவது மெல்லிய ஓட்டோடு உலர்ந்த கொட்டையாகத் தர முடியுமா என்பதே அந்தக் கேள்வி. முடியும் என்று சொன்ன உடனே தோட்டக்காரர் முன் நிற்பது, எதில் நொதிக்க வைப்பது என்ற செலவுக் கணக்கு. சிமென்ட் தொட்டி கட்டுவதா, நீல நிற பிளாஸ்டிக் டிரம் வாங்குவதா, எவர்சில்வரில் தொட்டி செய்யச் சொல்வதா என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட தோட்டத்துக்கு, உணவுத் தரத்தில் புதிதாக வாங்கிய அகல வாய் பிளாஸ்டிக் டிரம்கள் இரண்டோ மூன்றோ போதும். பழைய சிமென்ட் தொட்டி இருக்கிறவர்கள் அதை இடிக்காமல் செப்பனிட்டு, கழுவிய காப்பிக்கு அதையே பயன்படுத்தலாம். எவர்சில்வர் மூன்றிலும் சிறந்த பொருள்தான். ஆனால், வாங்குபவர் உறுதியான பிறகு செய்ய வேண்டிய செலவு அது. கலம் எதனால் ஆனது என்பதைக் காட்டிலும், அது அன்றன்று பறிக்கும் பழத்தின் அளவுக்குப் பொருந்துகிறதா, அதை முழுமையாகக் கழுவ முடிகிறதா என்ற இரண்டும்தான் காப்பியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

பழத்தின் தோலை நீக்கியதும் கொட்டையைச் சுற்றி வழவழப்பான பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பெக்டினும் சர்க்கரையும் உண்டு. பழத்திலும் காற்றிலும் தண்ணீரிலும் கலத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலங்களையும் கரியமில வாயுவையும் சிறிதளவு ஆல்கஹாலையும் உண்டாக்குகின்றன. நொதிகள் பெக்டினைக் கரைக்க, பசை இளகிக் கழுவினால் போய்விடும் நிலைக்கு வருகிறது. அரபிகாவுக்கு இது வழக்கமாக 24 முதல் 36 மணி நேர வேலை. ஆனால் ஏற்காட்டில் டிசம்பர் இரவுகளில் வெப்பநிலை 13 டிகிரியையொட்டி இறங்கிவிடும். சேலத்தில் ஒரே இரவில் பொங்கி நிற்கும் இட்லி மாவு மலை மேல் மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடப்பது போலத்தான் காப்பியும். கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு பிடி கொட்டையை எடுத்துத் தண்ணீரில் அலசி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்க்க வேண்டும். வழுக்கல் போய், சரளைக் கல்லைத் தேய்ப்பது போன்ற கரகரப்பும் ஓசையும் வந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. இந்தக் கைச் சோதனையை நாளுக்குப் பல முறை செய்ய இடம் தராத கலம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கழுவிய காப்பிக்கு உதவாது. தேர்வின் முதல் அளவுகோலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நொதிக்க வைக்கும் கலங்களைப் பற்றி உலகில் அதிகமாக விவாதிப்பவர்கள் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள். கண்ணாடிக் குடுவையா, பிளாஸ்டிக் வாளியா, எவர்சில்வரா என்று அவர்கள் நீண்ட காலமாக அலசியிருக்கிறார்கள். நம் ஊரில் அதற்கு இடமில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே சேலம் மாவட்டத்தில்தான். ஆயினும் அவர்களுடைய அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, விட்டுவிட வேண்டியதும் உண்டு. பிளாஸ்டிக் சுவரின் ஊடே மெதுவாகப் பிராணவாயு கசியும் என்பது அவர்களின் பெரிய கவலை. பீர் வாரக் கணக்கில் கலத்தில் இருக்கிறது. நொதித்தல் முடிந்து வாயு வெளியேறுவது நின்ற பிறகும் அதிலேயே கிடக்கிறது. ஆகவே அந்தக் கவலை அவர்களுக்கு நியாயமானது. காப்பியோ ஒன்றிரண்டு நாள், மூடிய முறையில் பழமாக வைத்தால் மூன்று நான்கு நாள், அதிகம் போனால் ஒரு வாரம் வரை இருக்கும். அந்த நாள்களில் உள்ளே கரியமில வாயு உற்பத்தியாகிக்கொண்டே இருப்பதால், கசியும் சிறிதளவு பிராணவாயு பொருட்படுத்தத் தக்கதன்று. பிளாஸ்டிக் டிரம்மை ஒதுக்க இந்தக் காரணத்தைச் சொல்பவர்கள் பீரின் கணக்கைக் காப்பிக்குப் போடுகிறார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தூய்மை பற்றிய கண்டிப்பை. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை இரக்கமில்லாமல் தூக்கி எறிகிறார்களே, அதை.

இனி அளவு. காப்பியைப் பொறுத்தவரை கலத்தின் பொருளுக்கு முன்பாக அதன் கொள்ளளவை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நொதித்தல் என்பது ஒரு நாள் பறித்த பழத்துக்கு ஒரு கணக்கு. இன்று பறித்ததன் மேல் நாளை பறித்ததைக் கொட்டினால், கீழே இருப்பது புளித்து மிஞ்சும் நேரத்தில் மேலே இருப்பது தொடங்கியே இருக்காது. அந்தக் கலவையிலிருந்து வரும் கோப்பையில் புளிப்பும் ஊசல் வாடையும் எங்கிருந்து வந்தன என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 200 லிட்டர் டிரம்மில் நுரை எழும்ப ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டால் ஏறத்தாழ 100 கிலோ பழம் கொள்ளும். தோல் நீக்கிய ஈரக் கொட்டையாக இருந்தால், அதே டிரம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பழத்தின் கொட்டையைத் தாங்கும். ஐந்து கிலோ பழத்துக்கு ஒரு கிலோ உலர்ந்த பார்ச்மென்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிரம் பழம் சுமார் 20 கிலோ பார்ச்மென்ட் தரும். நாகலூரிலோ செம்மநத்தத்திலோ வீட்டு ஆட்களோடு இரண்டு மூன்று கூலியாட்களை வைத்துப் பழுத்ததை மட்டும் தெரிந்து பறிக்கிற தோட்டக்காரருக்கு ஒரு நாளில் கிடைப்பது ஒரு டிரம்மோ இரண்டு டிரம்மோ அளவுதான். அவர் 1,000 லிட்டர் தொட்டி ஒன்றைச் செய்து வைத்தால், அது நிரம்பக் காத்திருந்தே பழத்தைக் கெடுத்துக்கொள்வார்.

சிறிய கலங்கள் பலவாக இருப்பதில் இன்னொரு நன்மை, கேடு பரவாமல் நிற்பது. ஒரு டிரம் கெட்டால் இருபது கிலோவோடு போகிறது. ஒரே தொட்டியில் எல்லாம் இருந்தால் அந்த வாரத்து உழைப்பு முழுவதும் போய்விடும்.

சிமென்ட் தொட்டி இந்த மலையின் பழைய வழக்கம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து பயிரிட்டதிலிருந்து பெரிய எஸ்டேட்டுகள் வளர்ந்தன. அவற்றின் பல்பர் வீடுகளில் கட்டுமானத் தொட்டிதான் இயல்பான ஏற்பாடாக இருந்தது. அதன் பலங்கள் உண்மையானவை. தடித்த சுவர், பகல் வெயிலும் இரவுக் குளிரும் உள்ளே சட்டென்று தாக்காமல் பார்த்துக்கொள்கிறது. அடியில் சரிவும் வடிகாலும் வைத்துக் கட்டினால் பசை நீர் தானாக வடிந்துவிடும். தொட்டி திறந்திருப்பதால் கை விட்டுப் பார்ப்பதும், மரத்துடுப்பால் கிளறுவதும், அதே இடத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் எளிது. ஒரு மீட்டர் நீள அகலமும் முக்கால் மீட்டர் ஆழமும் கொண்ட தொட்டி, அரை டன் பழத்தின் கொட்டையைப் பாதிக்குச் சற்று மேலான ஆழத்தில் தாராளமாக ஏற்கும்.

குறை அதன் மேற்பரப்பில் இருக்கிறது. சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை நொதித்தலில் உண்டாகும் அமிலம் ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பூச்சு தேய்ந்து மணலும் ஜல்லியும் வெளியே தெரியத் தொடங்கினால், அந்தக் குழிகளில் சென்ற வாரத்துப் பசையும் சில கொட்டைகளும் தங்கிவிடும். தங்கிய கொட்டை அழுகி, புதிதாகப் போடும் காப்பிக்கு நாற்றத்தைத் தருகிறது. ஒரு கோப்பைக்கு அரைக்கும் கொட்டைகளில் ஓர் அழுகல் கொட்டை இருந்தாலே சுவைப்பவர் கண்டுகொள்வார். ஆகவே வெறும் சிமென்ட் பூச்சோடு தொட்டியை விடுவது சரியில்லை. வழவழப்பான டைல் பதிக்க வேண்டும், டைல்களின் இடைவெளியை வெள்ளை சிமென்ட்டால் அடைக்காமல் எபாக்சி பசையால் அடைக்க வேண்டும். அடைப்பு சிமென்ட்டாக இருந்தால் அமிலம் முதலில் அதைத்தான் தின்னும். சேகோ ஆலைகளில் மாவு படியும் தொட்டிகளில் வேலை செய்து பழகிய கொத்தனார்கள் சேலம், ஆத்தூர் பக்கத்தில் கிடைப்பார்கள். எப்போதும் ஈரமும் புளிப்பும் இருக்கிற தொட்டியில் மூலைகளை எப்படி உருட்டி முடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. செங்குத்தான மூலைகளைவிட உருட்டிய மூலைகள் கழுவ எளிதானவை என்பதால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

காற்றுப் புகாமல் மூடுவதற்குச் சிமென்ட் தொட்டி ஏற்றதன்று. கனமான பாலித்தீன் விரிப்பை மேலே போட்டு, அதன் மேல் தண்ணீர் நிரப்பி அழுத்தி வைக்கும் முறை ஒன்று உண்டு. ஓரளவுக்குக் காற்றைத் தடுக்கும். ஆனால் கைச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரை அகற்ற வேண்டியிருப்பதால், நடைமுறையில் யாரும் சோதனையே செய்யாமல் விட்டுவிடுவார்கள். மூடிய முறைக்கு டிரம், திறந்த முறைக்குத் தொட்டி என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

பிளாஸ்டிக் டிரம் என்று சொல்லும்போது எல்லா டிரம்மையும் சொல்லவில்லை. கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். மேலே இரண்டு சிறிய துளைகளும் திருகு மூடிகளும் மட்டும் உள்ள வகை திரவத்துக்கானது. அதில் பழத்தைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது, உள்ளே கை விட்டுக் கழுவவும் முடியாது. நமக்கு வேண்டியது முழு வாயும் திறந்து, ரப்பர் வளையம் வைத்த மூடியும் அதை இறுக்கும் இரும்புப் பட்டையும் உள்ள வகை. பொருள் எச்.டி.பி.இ. எனப்படும் அடர்த்தி மிகுந்த பாலித்தீனாக இருக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் பொருள் அதுதான் என்று தெரியும். உணவுக்கு உகந்தது என்பதை அந்த எண் சொல்லாது. உணவோடு படும் பாலித்தீனுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10146, அதன்படி செய்தது என்று தயாரிப்பாளர் எழுதித் தரும் டிரம்மையே வாங்குங்கள். நீலத்தைவிட வெள்ளை நல்லது. உள்ளே அழுக்கோ பூசணமோ ஒட்டியிருந்தால் வெள்ளையில் கண்ணுக்குத் தெரியும்.

பழைய டிரம் வேண்டாம் என்பதில் எனக்குச் சற்றும் தயக்கமில்லை. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்குகிற டிரம்மில் முன்பு சாயமோ அமிலமோ பூச்சிமருந்தோ இருந்திருக்கலாம். பிளாஸ்டிக் சில பொருள்களை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக வெளியிடும் தன்மையுடையது. எத்தனை முறை கழுவினாலும் இது போகாது. ஊறுகாயோ பழச்சாறோ வந்த டிரம் என்று விற்பவர் சொன்னாலும் நாமே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கால் டிரம் வெந்நீரை ஊற்றி மூடியை இறுக்கி ஓர் இரவு வைத்து, காலையில் திறந்த கணத்திலேயே முகர்ந்து பாருங்கள். மூடியிருந்த வெப்பம் சுவரில் இருக்கும் வாடையை வெளியே கொண்டுவந்துவிடும். எந்த வாடை வந்தாலும் அந்த டிரம் தண்ணீர் பிடிக்கவோ எரு போடவோ ஆகும், காப்பிக்கு ஆகாது. புது டிரம்முக்கும் இதைச் செய்யலாம்; லேசான பிளாஸ்டிக் வாடை இருந்தால் சில முறை வெந்நீர் ஊற்றி மாற்றினால் போய்விடும்.

பிளாஸ்டிக்கின் உண்மையான பலவீனம் கீறல்தான். இரும்பு நார் கொண்டு ஒரு முறை அழுத்தித் தேய்த்தாலே கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான கீறல்கள் விழுந்துவிடும், அவற்றில் ஒளிந்துகொள்ளும் நுண்ணுயிர்களை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. மெல்லிய துணியும் வெந்நீரும் சிறிது சோப்புமே போதும், அதையும் காப்பியைக் காலி செய்த உடனே செய்ய வேண்டும். பசை காய்ந்துவிட்டால் தேய்க்கத் தோன்றும். தேய்த்தால் டிரம் போச்சு. வெயிலில் கிடந்தாலும் பிளாஸ்டிக் முறுகி வெடிப்பு விடும் என்பதால், பருவம் முடிந்ததும் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும். இப்படி வைத்துக்கொண்டால் சில பருவங்களுக்கு வரும். உள்சுவர் மங்கிச் சொரசொரப்பானால் மாற்றிவிட வேண்டும்.

எவர்சில்வர் கதை வேறு. சேலத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை 1981-இல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியதிலிருந்து அது ஊரின் பெயரோடு சேர்ந்த உலோகம். நொதித்தலுக்கு ஏற்றது 304 தரம். அதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே உண்டாக்கும் மெல்லிய படலம் அமிலத்தைத் தடுக்கிறது, கீறினாலும் தானாக மீண்டும் உருவாகிறது. வாடை பிடிக்காது, கொதிநீர் தாங்கும், தேய்த்துக் கழுவலாம், தலைமுறைக்கும் நிற்கும். 2015-இல் சியாட்டிலில் நடந்த உலக பாரிஸ்டா போட்டியில் ஆஸ்திரேலியாவின் சாஷா ஷெஸ்டிச் வென்றபோது, மூடிய எவர்சில்வர் கலத்தில் கரியமில வாயு நிரப்பி நொதிக்க வைத்த காப்பியைப் பயன்படுத்தினார். திராட்சை ரசத் தயாரிப்பிலிருந்து எடுத்த முறை அது. மூடிய நொதித்தல் மீது உலகெங்கும் ஆர்வம் பெருக அந்த வெற்றி பெரிய காரணம். ஆகவே படங்களில் நாம் பார்க்கும் கலங்களெல்லாம் பளபளவென்று இருக்கின்றன. அதைப் பார்த்து, சுவை எவர்சில்வரிலிருந்து வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சுவைக்குக் காரணம் பழத்தின் முதிர்ச்சியும் வெப்பநிலையும் நேரமும் காற்றில்லாத நிலையும். நன்கு மூடிய பிளாஸ்டிக் டிரம்மிலும் அவை எல்லாவற்றையும் கொண்டுவரலாம்.

உலோகத் தகடு நம் ஊரில் உருண்டாலும் தொட்டியின் விலை அதனால் குறைந்துவிடாது. வளைப்பதும் வெல்டிங் செய்வதும் உள்ளே மெருகேற்றுவதும்தான் பெரும் செலவு, அந்த வேலையின் தரத்தில்தான் தொட்டியின் தரமும் இருக்கிறது. பட்டறையில் தொட்டியை வாங்கும்போது வெளிப்பக்கப் பளபளப்பைப் பார்க்காதீர்கள். உள்ளே வெல்டிங் போன கோட்டின் மேல் பஞ்சையோ மெல்லிய துணியையோ ஓட்டிப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே பசையும் மாட்டும். வெல்டிங்கின் இரு பக்கமும் நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், அந்த இடத்தில் பாதுகாப்புப் படலம் கெட்டிருக்கிறது என்று பொருள். அதை அமிலக் குழம்பு பூசிச் சுத்தம் செய்து தரச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

தரத்தைக் காந்தம் வைத்துச் சோதிக்கலாம் என்பார்கள். அது பாதி உண்மை. காந்தம் பலமாக ஒட்டினால் அது 304 இல்லை என்று சொல்லிவிடலாம். ஒட்டாவிட்டால் 304 என்று சொல்ல முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த மலிவான 200 வரிசைத் தகடும் காந்தத்தில் ஒட்டாது, பாத்திரக் கடைகளில் அது தாராளமாகப் புழங்குகிறது. புளித்த பசையோடு பருவம் முழுவதும் இருக்கும் தொட்டிக்கு அது தாங்காது. மாங்கனீசு இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்து தகடு வியாபாரிகளிடம் இருக்கும், உங்கள் கண் முன்னால் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: எவர்சில்வரைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊற வைக்கவே கூடாது. குளோரின் அந்தப் படலத்தைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும்.

வெப்பம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது, ஆகவே எவர்சில்வர் தொட்டியில் காப்பி குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்கள். எவர்சில்வர் பிளாஸ்டிக்கைக் காட்டிலும் முப்பது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்பது சரிதான். ஆனால் டிரம் வெறும் காற்றில் நிற்கும்போது வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பது சுவரைவிடச் சுவரை ஒட்டி நிற்கும் அசையாத காற்றுப் படலம்தான். சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தடுப்பது அந்தக் காற்று தடுப்பதில் பத்தில் ஒரு பங்களவு மட்டுமே. எனவே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த எவர்சில்வர் டிரம்முக்கும் பிளாஸ்டிக் டிரம்முக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்திக் குளிர்விக்கும்போதுதான் எவர்சில்வரின் ஆற்றல் வெளிப்படும். அப்போதும் காப்பிப் பழம் நிறைந்த டிரம்மின் நடுப்பகுதி சுவரை விட்டு ஒரு சாணுக்கு மேல் தள்ளி இருப்பதால், நடுவில் எழும் சூடு சுவருக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். சுவரின் பொருளைவிடக் கலத்தின் அகலமே இங்கே முக்கியம். குறுகலான உயரமான கலம் சூட்டைச் சீராக வைக்கிறது, அகலமான பெரிய கலம் நடுவில் கொதித்து ஓரத்தில் தூங்குகிறது. நீண்ட கம்பியுள்ள வெப்பமானி ஒன்றை வாங்கி நடுவில் செருகிப் பார்த்தால் எவரும் இதை உணரலாம். சில நூறு ரூபாயில் அந்த வெப்பமானி தருகிற பயன், டிரம்மிலிருந்து எவர்சில்வருக்கு மாறுவதில் கிடைக்கும் பயனைவிட அதிகம் என்று நான் நம்புகிறேன்.

மூடிய முறைக்குப் போகிறவர்கள் வாயு வெளியேறும் வழியை மறக்கக் கூடாது. இறுக்கி மூடி வழியே வைக்காவிட்டால் மூடி உப்பி, பட்டை தெறித்துவிடும். மூடியில் துளையிட்டு ரப்பர் வளையத்தோடு ஒருவழி வால்வைப் பொருத்தலாம், அல்லது ஒரு மெல்லிய குழாயைச் செருகி அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் மூழ்க வைக்கலாம். குமிழ்கள் வருவதும் நிற்பதும் உள்ளே நடப்பதைச் சொல்லும் என்பதால் எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். அதில் ஓர் எச்சரிக்கை. இரவு குளிரில் உள்ளே வாயு சுருங்கும்போது பாட்டில் தண்ணீர் டிரம்முக்குள் உறிஞ்சப்படலாம். பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும் வையுங்கள், டிரம்முக்கும் பாட்டிலுக்கும் இடையில் குழாயைச் சற்று உயரே தூக்கிக் கட்டுங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. டிரம்மைத் திறந்த உடனே தலையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டாம். கதவு சன்னல் மூடிய சிறிய அறையில் பல டிரம்களை வைப்பதும் ஆபத்து. வீட்டின் படுக்கும் அறையில் குளிருக்கு இதமாக இருக்கும் என்று வைப்பவர்களை நான் அறிவேன். அதை உடனே நிறுத்த வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நாகத் தகட்டு இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினிய அண்டா எதுவும் வேண்டாம். புளிப்பு இவற்றைக் கரைத்துக் காப்பிக்குள் கொண்டுவரும். இரும்பு பட்ட ஈரக் கொட்டை கறுத்தும் போகும். மண்பானை நுண்துளைகளில் பழைய பசையைத் தக்கவைக்கிறது, உடைகிறது. மரப்பீப்பாய் அழகானது, ஆனால் கழுவித் தீராது. கண்ணாடி பீருக்கு நல்லது. காப்பிக்கு அதன் குறுகிய வாய் தடை. வாய் அகலமான கண்ணாடி ஜாடியில் ஓரிரு கிலோ பழத்தை வைத்து நுரை எழுவதையும் நிறம் மாறுவதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது கற்பதற்கு நல்ல வழி. சோதனைக்கு ஏற்ற இன்னொரு கலம் 40 லிட்டர் எவர்சில்வர் பால் கேன். அகல வாய், ரப்பர் வளைய மூடி, கைப்பிடி எல்லாம் அதில் தயாராக உள்ளன. வாங்கும்போது அலுமினியக் கேனை எடுத்து வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே வடிவில் இருக்கும். காற்றுப் புகாத கனமான பை வகை மூடிய முறைக்குச் சரியாக வேலை செய்யும், எலி ஒரு துளை போட்டுவிட்டால் எல்லாம் வீண்.

கலத்தைக் கழுவும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிமென்ட் தொட்டிக்கு அதிகம் தேவை, டிரம்முக்குக் குறைவு. பழத்தை அப்படியே மூடி வைத்து உலர்த்தும் முறைக்குப் பசையைக் கழுவும் தண்ணீரே தேவையில்லை. மலையில் தண்ணீர் தட்டுப்பாடு உள்ள தோட்டங்களுக்கு இதுவே டிரம் பக்கம் சாய்வதற்குப் போதுமான காரணம். கழுவிய பசை நீரை ஓடையில் விடுவது பெருந்தவறு. அதிலுள்ள சர்க்கரை அழுகும்போது தண்ணீரின் பிராணவாயு முழுவதையும் உறிஞ்சி மீனையும் செடியையும் கொன்றுவிடும். இந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் திருமணிமுத்தாறாகச் சேலத்தின் ஊடே போகின்றன. தோட்டத்திலேயே குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தெளியவிட்டு, பிறகு நிலத்தில் பாய்ச்ச வேண்டும்.

ஆகவே, இரண்டு ஏக்கர் வைத்து, வாங்குபவர் இன்னும் உறுதியாகாதவருக்கு இரண்டு வெள்ளை டிரம்மும் ஒரு வெப்பமானியும் பி.எச். அளவு பார்க்கும் தாளும் போதும். பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பசையின் பி.எச். தொடக்கத்தில் ஐந்தரையை ஒட்டி இருக்கும், நான்கரைக்கு இறங்கியதும் கண்காணிப்பைக் கூட்டி, நான்குக்குக் கீழே போகவிடாமல் எடுத்துவிட வேண்டும். பழைய தொட்டியும் பல்பரும் உள்ள நடுத்தரத் தோட்டக்காரர் தொட்டிக்கு டைல் பதித்து, பெரும்பகுதியைக் கழுவிய காப்பியாக எடுத்துக்கொண்டு, மிக நன்றாகப் பழுத்த நாள்களின் பழத்தை மட்டும் டிரம்மில் மூடி வைக்கலாம். ஒரே வாங்குபவர் இரண்டு பருவம் தொடர்ந்து அதே சுவையைக் கேட்டு, முன்பணமும் தரத் தயாராக இருந்தால் எவர்சில்வருக்குப் போகலாம். அப்போதும் ஒரே பெரிய தொட்டியைவிட 200 அல்லது 300 லிட்டர் அளவில் இரண்டு செய்வது நல்லது. விலை சற்றுக் கூடினாலும், ஒன்றைக் கழுவும்போது மற்றதில் வேலை நடக்கும்.

தொட்டி வேலை செய்ய நினைப்பவர்கள் மழைக்கு முன்பே தொடங்க வேண்டும். புதுப் பூச்சு பதமாக 28 நாள்கள் ஆகும், அதன் பின் எபாக்சி காய ஒரு வாரம் விட வேண்டும். புதுச் சிமென்ட்டின் காரம் நொதித்தலையே தடுக்கும் என்பதால், டைல் இல்லாத இடம் சிறிதளவு இருந்தாலும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பல முறை மாற்ற வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் எதுவும் காயாது, நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்டிலேயே கொத்தனாரிடம் நாள் கேட்டு வையுங்கள். டிரம் வாங்குகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை, வெந்நீர் ஊற்றி முகர்ந்து பார்க்க இரண்டு வாரம் முன்னதாக வாங்கினால் போதும்.